வண்டலைக் குடித்த டாக்டர்

ஒரு டாக்டர் இருந்தார். வாலிப வயது. நல்ல திடகாத்திரமான உடம்பு. ஒரு நோயும் கிடையாது.

அவர் வாய்க்கால் தண்ணீரை வடிகட்டினார். வடிகட்டியில் தங்கிய வண்டலை எடுத்தார். அதைக் குடித்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. நாள் தவறாமல் பல வாரம் குடித்தார்.

எதற்காக? தம் கழுத்து வீங்குகிறதா என்று பார்ப்பதற்காக!

கழுத்து வீங்கியது.

அந்த டாக்டரின் பெயர் சர் ராபர்ட் மெக்காரிசன். பிறந்தது அயர்லாந்தில். கழுத்து வீங்கியது இந்தியாவின் வடகோடி மலையில். பெயரும் புகழும் பெற்றதோ நம் நீலகிரிக் குன்னூரில்.

அவர் தேடிய மருந்து அந்த மலையில் இல்லை. கடலில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து இனயம் கடற்கரையில் மீன் குழம்பு வைக்கும் தாய்மார்களின் சட்டியில் அது தினமும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சங்கதி அப்போது அவருக்குத் தெரியாது.

அயர்லாந்துப் பையன்

1878-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி மெக்காரிசன் பிறந்தார். ஊர், வட அயர்லாந்தில் உள்ள போர்ட்டடவுன். பெல்பாஸ்ட் நகரில் வைத்தியம் படித்தார். 1900-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். இந்திய மருத்துவப் பணியில் அவருக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. அப்போது அவருக்கு வயது 23.

அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சித்ரால் என்ற மலைநாட்டுக்கு. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலை.

சிப்பாய்களை ஒரு காய்ச்சல் வாட்டியது. சரியாக மூன்று நாள் காயும். பிறகு விட்டுவிடும். ஆள் துவண்டு போவான். மெக்காரிசன் இதைக் கூர்ந்து கவனித்தார். மணல் ஈ கடிப்பதால் இந்தக் காய்ச்சல் வருகிறது என்று சந்தேகித்தார். அது சரி என்று பிற்பாடு நிரூபணம் ஆயிற்று.

நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு அவர் நிற்பதில்லை. நோய் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போவார். அது அவர் சுபாவம்.

கழுத்து வீங்கிய கிராமங்கள்

1904-ல் அவர் கில்கிட்டுக்கு மாற்றப்பட்டார். காரகோரம் மலைகளின் நடுவே உள்ள ஊர் அது. இன்று பாகிஸ்தான் வசம் உள்ளது. 1911 வரை அங்கே அவர் சர்க்கார் டாக்டராக இருந்தார்.

அங்கே ஒரு காட்சி அவர் மனத்தை உலுக்கியது. ஆண், பெண், குழந்தை என்று வித்தியாசம் இல்லாமல் பலருக்குக் கழுத்தில் கழலை. சிலருக்கு எலுமிச்சை அளவு. சிலருக்குத் தேங்காய் அளவு.

அதைவிடக் கொடுமை வேறொன்று. சில குழந்தைகள் பிறவியிலேயே மந்தமாக இருந்தன. பலருக்குக் காது கேட்காது. பேச்சு வராது. நடை தள்ளாடும். வயது ஏறும், அறிவு ஏறாது. இப்படி இருநூறு பேருக்கு மேல் அவர் நேரில் பரிசோதித்தார். 1908-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். இன்றும் டாக்டர்கள் அந்தக் கட்டுரையைப் போற்றுகிறார்கள்.

கழுத்துக் கழலை உள்ள தாய்க்குத்தான் இப்படிப்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன என்பதை அவர் கண்டார். தாயின் கழுத்துக்கும் பிள்ளையின் மூளைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. அது என்ன?

ஒரே வாய்க்கால், எட்டு ஊர்

கில்கிட்டில் ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் கரையில் வரிசையாக எட்டுக் கிராமங்கள். முதல் கிராமத்துக்குச் சுத்தமான தண்ணீர் வரும். அந்த ஊரார் அதிலேயே குளிப்பார்கள், துவைப்பார்கள். ஆடு மாடுகளையும் கழுவுவார்கள். அந்த அழுக்கு அடுத்த ஊருக்குப் போகும். அந்த ஊர் அழுக்கும் சேர்ந்து அதற்கடுத்த ஊருக்குப் போகும். கடைசிக் கிராமத்துக்கு வந்து சேரும்போது ஏழு ஊர் அழுக்கும் அதில் இருக்கும்.

மெக்காரிசன் ஊர் ஊராகப் போய்க் கழுத்துகளைப் பார்த்துக் கணக்கெடுத்தார். முதல் கிராமத்தில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்குக் கழலை. கீழே வர வர எண்ணிக்கை ஏறியது. கடைசிக் கிராமத்தில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல்!

பக்கத்திலேயே இன்னொரு கிராமம். அந்த ஊரார் வாய்க்கால் நீரைத் தொடுவதில்லை. அவர்களுக்குத் தனி ஊற்று உண்டு. அங்கே கழலை இல்லை.

தண்ணீரில்தான் குற்றம் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். ஆனால் ஊகம் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும். யாரை வைத்துச் சோதிப்பது?

முதலில் தம்மையே வைத்துச் சோதித்தார். அவரோடு வேறு சிலரும் மனம் ஒப்பி முன்வந்தார்கள். தண்ணீரில் இருந்து வடிகட்டிய வண்டலைக் குடித்தார்கள். வேறு ஒரு கூட்டத்துக்கு அதே வண்டலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்.

கொதிக்க வைத்ததைக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொதிக்காததைக் குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கியது. டாக்டருக்கும் வீங்கியது. குடலைச் சுத்தப்படுத்தும் மருந்து கொடுத்தால் புதிதாக வந்த கழலை வடியக் கண்டார்.

பாதி உண்மை

கழலைக்குக் காரணம் அழுக்குத் தண்ணீரில் உள்ள கிருமி என்று மெக்காரிசன் நினைத்தார். 1913-ல் லண்டனில் பெரிய டாக்டர்கள் சபையில் இதைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1917-ல் தைராய்டு சுரப்பியைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அவர் கண்டது உண்மை. ஆனால் பாதி உண்மை.

தைராய்டு என்பது குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல் இருக்கும் சிறு சுரப்பி. எடை சுமார் 20 கிராம். அது ஒரு சுரப்பு நீரைச் செய்கிறது. அந்தச் சுரப்பு நீர்தான் உடம்பின் அடுப்பை எரிய வைக்கிறது. குழந்தையின் எலும்பையும் மூளையையும் வளர்க்கிறது.

அதைச் செய்ய ஒரு சரக்கு வேண்டும். அதுதான் அயோடின். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். எழுபது ஆண்டு வாழ்நாள் முழுவதும் சாப்பிடுவதைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிதான் இருக்கும். ஆனால் அந்தத் தேக்கரண்டி தினம் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும்.

மலைநாடுகளில் மழையும் பனியாறும் மண்ணில் உள்ள அயோடினை அரித்துக்கொண்டு போய்விடுகின்றன. மண்ணில் இல்லாதது பயிரில் இராது. பயிரில் இல்லாதது மனிதனுக்குக் கிடைக்காது. சரக்கு வராத சுரப்பி என்ன செய்யும்? கிடைக்கிற துளியையாவது பிடிக்கலாம் என்று தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும். அதுதான் கழலை.

அப்படியானால் வண்டல்? அயோடின் போதிய அளவு உள்ள இடத்தில் அழுக்குத் தண்ணீர் மட்டும் இப்படி ஊர் ஊராகக் கழுத்தை வீங்கச் செய்வதில்லை. அயோடின் ஏற்கெனவே குறைந்த இடத்தில், அழுக்கும் சேர்ந்தால் கேடு கூடும். மெக்காரிசனே பிற்காலத்தில் கழலைக்குக் காரணம் ஒன்றல்ல, பல என்று ஏற்றுக்கொண்டார். அயோடின் குறைவையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார்.

குன்னூரில் ஓர் அறை

1918-ல் அவர் நம் பக்கம் வந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அந்த ஒரே அறையில் ஆராய்ச்சி ஆரம்பம் ஆயிற்று. அப்போது பெரிபெரி என்ற நோய் தென்னாட்டில் பலரை வாட்டியது. மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் நம்பிச் சாப்பிடுவதால் வரும் நோய் அது.

1923-ல் சர்க்கார் சிக்கனம் பார்த்தது. ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவர் மனம் தளரவில்லை. 1925-ல் மறுபடியும் தொடங்கினார். 1928-ல் அது உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அதன் முதல் டைரக்டர் அவர்தான்.

அங்கே அவர் எலிகளுக்கு விருந்து வைத்தார்! சீக்கியர் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு. மராட்டியர் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு. வங்காளிகள் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு. சென்னை மாகாணத்துச் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி தின்ற சீக்கிய எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. வெறும் வெள்ளைச் சோற்றை நம்பிய சென்னை எலிகள் எல்லாவற்றிலும் சிறுத்துக் கிடந்தன. நமக்கு இது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். ஆனால் பாடம் நல்ல பாடம்.

கழலையையும் அவர் மறக்கவில்லை. சோயா மொச்சையும் நிலக்கடலையும் மிதமிஞ்சித் தின்றால் எலிகளின் தைராய்டு வீங்குகிறது என்று 1933-ல் எழுதினார். நல்ல உணவிலும் தைராய்டுக்கு ஆகாத பொருள் இருக்கக்கூடும் என்று அதனால் தெரிந்தது.

இனயத்துச் சாப்பாடு

இதை இனயத்துச் சாப்பாட்டோடு பொருத்திப் பார்க்கலாம். அங்கே ஏழை எளியவர்களின் வயிற்றை நிரப்பும் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கை நாடெங்கும் பரப்பினார். அரிசிப் பஞ்சம் வந்த காலங்களில் அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது.

ஆனால் மரச்சீனியில் ஒரு விஷச் சத்து உண்டு. அது உடம்புக்குள் போய் மாறி, தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில், கடலுக்கு வெகு தொலைவில், இந்தக் கிழங்கையே நம்பி வாழும் ஊர்களில் கழலையும் மந்தக் குழந்தைகளும் அதிகம் காணப்பட்டன.

நம் தாய்மார்கள் கிழங்கை வேக வைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறார்கள். விஷச் சத்தில் பெரும் பகுதி அதோடு போய்விடுகிறது. மீதி இருப்பதைச் சரிக்கட்ட, கூடவே சாளையும் நெத்திலியும் அயிலையும் வருகின்றன. கடல் மீனில் அயோடின் உண்டு. கிழங்கு தடுப்பதை மீன் கொடுக்கிறது. யாரும் புத்தகம் பார்த்துச் செய்த ஏற்பாடு அல்ல இது.

ஒரு விஷயத்தில் மட்டும் பலர் ஏமாந்து போகிறார்கள். கடல் மீனில் அயோடின் இருப்பதால் கடல் உப்பிலும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அது தவறு. உப்பளத்தில் விளைந்த கல் உப்பில் அயோடின் மிக மிகச் சொற்பம். கடலோர மாவட்டங்களிலும் கழலை உள்ள குழந்தைகளை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் மீன் தின்னும் வீட்டுக்கும் அயோடின் சேர்த்த உப்பு வேண்டும்.

இரவில் ஏறும், பகலில் இறங்கும்

மெக்காரிசன் காலத்தில் தைராய்டு சுரப்பு நீரை ரத்தத்தில் நுட்பமாக அளக்க வழி இல்லை. கழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு அளக்கும் வழி வந்தது. அப்போது ஓர் அதிசயம் தெரிந்தது.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அது தைராய்டுக்குக் கட்டளை அனுப்புகிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் டி.எஸ்.எச். என்று எழுதுவது அந்தக் கட்டளையைத்தான். அது நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பிற்பகலில் தாழ்ந்து இருக்கும். சாயங்காலம் ஏறத் தொடங்கும். நள்ளிரவுக்குப் பின், விடியும் முன், உச்சிக்குப் போகும். பிறகு இறங்கும்.

தூக்கம் அந்த ஏற்றத்துக்குக் கடிவாளம் போடுகிறது. இரவு முழுவதும் கண் விழித்தால் அது இன்னும் ஏறும். இரவில் கடலுக்குப் போய் வலை வீசுகிறவர்களும் இரவு ஷிப்டில் வேலை செய்கிறவர்களும் ரத்தம் கொடுத்துப் பார்க்கும்போது, முந்தின இரவு தூங்கவில்லை என்பதை டாக்டரிடம் சொல்வது நல்லது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், காலையில் பரிசோதித்தால் கணக்கு குழம்பாது.

கட்டளை இப்படி ஏறி இறங்கினாலும், தைராய்டு செய்யும் முக்கியச் சரக்கான தைராக்சின் ரத்தத்தில் அதிகம் அசைவதில்லை. காரணம் உண்டு. அது பெரிய குளத்துத் தண்ணீர் மாதிரி. இன்று ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். மடை திறந்து மூடினாலும் குளத்தின் மட்டம் சட்டென்று மாறாது.

மூளைக்குத் தனிக் காவல்

மூளை ஒரு தெளிந்த நீரில் மிதக்கிறது. பெரியவர்களுக்கு அந்த நீர் சுமார் 150 மில்லி இருக்கும். அது ரத்தத்தில் இருந்து வடிந்து, ஒரு நாளில் பல முறை புதிதாகிறது.

ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் கொட்டிவிட முடியாது. வாசலில் காவல் உண்டு. தைராக்சினை உள்ளே கொண்டு போகத் தனி வாசல்கள் இருக்கின்றன. மூளை நீரில் அதைச் சுமந்து செல்லத் தனிப் புரதமும் இருக்கிறது. உள்ளே போனதும் மூளை அதைத் தனக்கு வேண்டிய வீரியமான பொருளாக மாற்றிக்கொள்கிறது. வெளியே கொஞ்சம் குறைந்தால் உள்ளே மாற்றும் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கிறது.

ஆனால் கருவில் உள்ள சிசுவின் கதை வேறு. முதல் சில மாதங்கள் அதன் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிராது. தாயின் சுரப்பு நீர்தான் அதன் மூளையை வளர்க்க வேண்டும். தாய்க்கே இல்லாவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அந்த மாதங்களில் இழந்ததைப் பிறகு எந்த மருந்தாலும் முழுவதும் ஈடு செய்ய முடியாது.

கில்கிட்டில் மெக்காரிசன் கண்ட மந்தக் குழந்தைகளின் ரகசியம் இதுதான். தாயின் கழுத்துக்கும் பிள்ளையின் மூளைக்கும் தொடர்பு இருப்பதை அவர் கண்ணால் பார்த்துச் சொன்னார். அந்தத் தொடர்பு இன்னது என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

கடைசி நாட்கள்

1933-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்போர்டில் குடியேறி, நல்ல உணவே நல்ல மருந்து என்று சொற்பொழிவு செய்து வந்தார். 1960-ம் ஆண்டு மே 18-ந் தேதி காலமானார். வயது 82.

அவர் தொடங்கிய குன்னூர் ஆராய்ச்சிக் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969 முதல் அதன் பெயர் தேசிய உணவூட்ட நிலையம்.

அவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்தார். அவர் டாக்டர் வி. ராமலிங்கசாமி. 1956-ல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அவர் குழுவினர் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் இந்திய சர்க்கார் கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது.

இன்று அயோடின் உப்பு கடைக்குக் கடை கிடைக்கிறது. இருந்தும், 2018-19-ல் நாடெங்கும் எடுத்த கணக்கில் தமிழ்நாடு கடைசி வரிசையில் நின்றது. போதிய அயோடின் உள்ள உப்பு, நூறு வீட்டில் சுமார் 62 வீட்டில்தான் இருந்தது. உப்பு விளையும் நாட்டுக்கு இது அழகா?

உப்பு வாங்கும்போது பொட்டலத்தில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். அடுப்பு அருகிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். அளவுக்கு மேல் போடவும் வேண்டாம். வழக்கமாகப் போடும் உப்பு போதும். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சொன்னபடி காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிறரின் பிள்ளைகளுக்காக ஒரு மனிதர் வண்டலைக் குடித்தார். நம் பிள்ளைகளுக்காக நாம் பார்த்து வாங்க வேண்டியது ஒரு பொட்டலம் உப்புதான்.